காணாமல் போன ஒரு ‘வேணாம்’

இணையத்தில் குரலை அனுப்பும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ‘ரெண்டு வார்த்தை’ சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பணி ஓய்வு பெற்ற ஒருத்தியிடம் ரெண்டு வார்த்தை கேட்டால் எத்தனை வார்த்தை வரும் என்பது கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. நான் நன்றாகச் செய்த வேலைகளைப் பற்றிப் பேசப்போவதில்லை. அவை பழைய கோப்புகளில் பத்திரமாகத் தூங்குகின்றன. வீரசோழன் என்ற ஊரில் ஒரு வீட்டுக்குள் என் புண்ணியத்தில் எழும்பிய மாடிப்படியைப் பற்றிச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. சென்னையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்த சின்ன நிறுவனம். மனிதர் பேசுவதைச் சுருக்கி, டெலிபோன் கம்பி வழியே இணையத்தில் அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி விரித்துப் பேச வைக்கும் மென்பொருள் எங்களுடையது. கம்பியோ நூல் மாதிரி. அதற்குள் ஒரு முழு மனிதக் குரலை நுழைக்க வேண்டும். அதனால் பேச்சிலிருந்து எதைத் தூக்கி எறியலாம் என்பதுதான் எங்கள் பிழைப்பு. எறிவதற்கு மிகச் சுலபமானது மௌனம். ஒருவர் பேசும்போது பாதி நேரம் மூச்சு வாங்குகிறார், யோசிக்கிறார், இருமுகிறார். அந்த நேரத்தில் எதையும் அனுப்பாமல் கதவைச் சாத்திவிட்டால் கம்பியில் இடம் மிஞ்சும். குரல் எழும்பினால் கதவு திறக்கும், அடங்கினால் மூடும். எந்த அளவுக்குக் கீழே போனால் மௌனம் என்று முடிவு செய்யும் எண் ஒன்று உண்டு. அந்த எண்ணுக்குச் சொந்தக்காரி நான்.

வெளிநாட்டுத் தொழில் செய்யும் நிறுவனம் ஒன்று எங்கள் மென்பொருளை வாங்குவதாக இருந்தது. வாங்கும் முன் உண்மையான மனிதர்களை வைத்து மூன்று வாரம் சோதிக்க வேண்டும் என்றார்கள். ஒரு முனை வளைகுடாவில் ஒரு கணினிக் கடை. மறு முனைக்கு வளைகுடாவில் ஆட்கள் வேலை பார்க்கும் ஏதாவது ஊர் வேண்டும். எங்கள் மேலாளர் பட்டியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“எஸ்தர், நீ மல்லாங்கிணறுதானே? அருப்புக்கோட்டை உனக்குப் பக்கம்தானே?”

அப்படித்தான் நான் அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தின் பின் அறையில் போய் உட்கார்ந்தேன். ஒரு கணினி, ஒரு மைக், எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு சின்ன ஸ்பீக்கர். இணையத்தில் பேசுவதற்கு அப்போது பொது அனுமதி இல்லாததால், சோதனைக்கென்று வாங்கிய கடிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தோம். வந்தவர்களில் பாதிப் பேர் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

வெளிநாட்டுக்குப் பேசும் ஐ.எஸ்.டி. பில்லைக் கண்டு ஜனங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்ட காலம். ‘சும்மா பேசலாமாம்’ என்று செய்தி பரவியதும் திருச்சுழி பஸ்ஸிலும் வீரசோழன் பஸ்ஸிலும் வந்து இறங்கிவிட்டார்கள். பேசுவதெல்லாம் இரண்டு முனையிலும் பதிவாகும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். பேசி முடித்ததும் ஒரு படிவம். ‘குரல் எப்படிக் கேட்டது?’ என்ற கேள்விக்கு நாலு கட்டம். மிகத் தெளிவு, தெளிவு, சுமார், மோசம்.

முதல் நாள் காலையிலேயே அடி விழுந்தது. அருப்புக்கோட்டைக் கம்பி சென்னைக் கம்பியைவிட மெலிவு. குரல் துண்டு துண்டாக, யாரோ தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வந்தது. வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். மேலாளர் போனில் கத்துகிறார். நான் இரண்டு முனையிலும் என் எண்ணைக் கொஞ்சம் ஏற்றினேன். அதாவது, இன்னும் கொஞ்சம் சத்தத்தையும் மௌனக் கணக்கில் சேர்த்துக் கதவைச் சாத்தச் சொன்னேன். கம்பியில் இடம் மிஞ்சியது. குரல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எனக்கே ஆச்சரியம். ஒரே ஒரு எண்! அன்று வந்த படிவங்களில் எல்லாம் ‘மிகத் தெளிவு’. மேலாளர் இந்த முறை சந்தோஷத்தில் கத்தினார்.

மாற்றியதும் நல்ல விளைவு வந்தால் உடனே கையைத் தட்டிக்கொள்ளாதீர்கள். நான் தட்டிக்கொண்டேன்.

முதல் வாரத்தில் வந்தவர்களில் ஒருவர் வீரசோழன் ரஹ்மத் அக்கா. அவருடைய கணவர் காதர் மைதீன் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். ஊரில் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியை வீட்டுக்குள் வைப்பதா, வெளியே வைப்பதா என்று முடிவு தெரியாமல் வேலை நின்றிருந்தது. அதனால் ரஹ்மத் அக்கா கையோடு பால்ச்சாமி கொத்தனாரையும் கூட்டி வந்திருந்தார். கொத்தனார் காதில் பென்சிலோடு வந்து ஸ்பீக்கருக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இருவரும் கேட்டார்கள். காதர் பாய் பேசினார். “புரிஞ்சுச்சா?” என்று அவர் கேட்க, “புரிஞ்சுச்சு மச்சான்” என்று இவர் சொன்னார். படிவத்தில் ‘மிகத் தெளிவு’. கொத்தனார் தனக்கும் ஒரு படிவம் கேட்டு வாங்கி, அதே கட்டத்தில் இரண்டு முறை டிக் அடித்தார்.

அடுத்த வாரம் அவர்கள் மறுபடி வந்தார்கள்.

“படி வேலை முடிஞ்சிருச்சா?” என்றார் காதர் பாய்.

“முடிஞ்சிருச்சு மச்சான். உள்ள எவ்வளவு அம்சமா இருக்குங்கறீக!”

“எங்க?”

“உள்ள.”

“உள்ளயா? ஏ, நான் என்ன சொன்னேன், நீ என்ன செஞ்சு வச்சிருக்க? மாடிய வாடகைக்கு விடணும்னா வாரவன் போறவனெல்லாம் நம்ம கூடத்து வழியாவா போவான்?”

“நீங்கதான உள்ளன்னு சொன்னீக!”

“நானா? நானா சொன்னேன்?”

கொத்தனார் எழுந்து மைக்கைப் பிடித்துக்கொண்டார். “பாய், கோவிச்சுக்கிடாதீக. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். நீங்க சொன்னத என் ரெண்டு காதால கேட்டேன். மாடிப்படி உள்ளன்னீக. எந்தச் சாமி மேல வேணாலும் சத்தியம் பண்றேன்.”

“யோவ், ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு எனக்குப் படம் காட்டுறீகளா?”

இந்த வார்த்தையில் ரஹ்மத் அக்காவின் முகம் செத்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் மைக்கைக் கீழே வைத்தார். நான் லைனை வாங்கி, “பத்து நிமிஷம் பொறுங்க, பாய். பதிவு இருக்கு, கேட்டுப் பார்த்துருவோம்” என்றேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. எங்கள் கண்ணாடிக் குரல் அந்தப் பெண்ணைக் காப்பாற்றப்போகிறது என்று நினைத்தேன்.

எங்கள் முனைப் பதிவைப் போட்டேன். காதர் பாயின் குரல் தெளிவாக வந்தது. “மாடிப்படி உள்ள.” பிறகு மௌனம். பிறகு, “புரிஞ்சுச்சா?”

“பாத்தீகளா!” என்று துள்ளினார் கொத்தனார்.

வளைகுடாக் கடையில் எங்களுக்காக உட்கார்ந்திருந்தவர், வாங்கப்போகும் நிறுவனத்தின் ஆள், மதுரைக்காரர், பெயர் ரவி. அவர் அந்த முனைப் பதிவில் அதே இடத்தை வெட்டி மின்னஞ்சலில் அனுப்பினார். ஆறு விநாடிப் பேச்சு. லைன் இரண்டு முறை அறுந்தது. பத்து நிமிஷம் என்று சொன்னது முக்கால் மணி நேரம் ஆயிற்று. வரிசையில் நின்ற ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. சிலர் வெளியே போய் டீயோடு திரும்பி வந்தார்கள், கூடவே இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு.

வந்து இறங்கியதைப் போட்டேன். “மாடிப்படி உள்ள.” ஒரு சின்ன இடைவெளி. அதன் பிறகு, ஏ.சி. இரைச்சலுக்கு நடுவே, மனைவியிடம் கடுமையாகச் சொல்ல மனம் வராத ஒரு மனிதரின் தணிந்த குரல். “வேணாம்.”

கொத்தனார் ஸ்பீக்கரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

“அந்த வேணாம் எங்க போச்சு?” என்றார்.

எங்கே போயிற்று என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் ஏற்றிய எண்ணுக்குக் கீழே இருந்தது அது. மௌனம் என்று முடிவு செய்து கதவு சாத்திவிட்டது.

“தப்பு எங்க மிசினு மேல” என்று சொல்ல வாயெடுத்தேன். வரிசை முழுவதும் என்னையே பார்த்தது. மிசின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க நல்ல சந்தர்ப்பம். ஆனால் ரஹ்மத் அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு அது வாயில் வரவில்லை. “தப்பு என்மேல, பாய். நான்தான் அந்த வார்த்தைய வெட்டுனது. அக்கா மேலயும் கொத்தனார் மேலயும் ஒரு குத்தமும் இல்ல” என்று மைக்கில் சொன்னேன்.

காதர் பாய் வெகுநேரம் பேசவில்லை. அல்லது மெதுவாகப் பேசினாரோ என்னவோ, அந்த எண்ணை வைத்துக்கொண்டு எனக்கு எப்படித் தெரியும்?

அன்று மாலை மேலாளருக்குப் போன் செய்தேன். இன்னும் ஐந்து நாளில் வாங்குபவர்களின் பெரிய அதிகாரி அருப்புக்கோட்டைக்கே வந்து சோதித்துப் பார்க்கப்போகிறார்.

“எல்லாப் படிவத்துலயும் மிகத் தெளிவுன்னு இருக்கு. ஒரு மாடிப்படிக்காக அதைக் கெடுப்பியா?” என்றார் அவர்.

“சார், படிவம் பொய் இல்ல. அவங்களுக்குத் தெளிவாத்தான் கேட்டிருக்கு. தப்பாக் கேட்டதும் தெளிவாத்தான் கேட்டிருக்கு.”

“ஒண்ணே ஒண்ணு நடந்திருக்கு. தற்செயலா இருக்கலாம்.”

தற்செயலா என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. ரவியிடம் சொல்லி, அந்த முனைப் பதிவுகளில் கதவு சாத்திய இடங்களை மட்டும் சின்னத் துண்டுகளாக வெட்டி, இரவு முழுக்க மின்னஞ்சலில் வரவழைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்கு மட்டம் போட்டுவிட்டு இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். மதியத்துக்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

நாங்கள் அந்த மென்பொருளைப் பழக்கியது ஆங்கில வாக்கியங்களை வைத்து. ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி ஒருவர் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து ஒரே சீராகப் படித்தவை. அந்த மொழியில் மறுப்பு முன்னாலேயே வந்துவிடும். நம் ஆட்கள் மறுப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வாக்கியம் முழுவதும் நன்றாகப் போகும். இல்லை, வேண்டாம், முடியாது, மாட்டேன் எல்லாம் கடைசியில் வரும். மூச்சும் அங்கேதான் தீரும். போதாததற்கு, பிரியமானவர்களிடம் மறுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். ஆமாம் என்பதை ஊருக்கே கேட்கும்படி சொல்கிற மனிதர், இல்லை என்பதைத் தாடைக்குள்ளேயே வைத்துச் சொல்கிறார். என் எண் அப்படிச் சொன்னதையெல்லாம் பொறுக்கி எடுத்து வெளியே எறிந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு நாளாக அந்த வட்டாரத்தில் வளைகுடாவிலிருந்து யாருமே எதையுமே மறுக்கவில்லை!

மேலாளருக்கு மறுபடி போன் போட்டுப் பட்டியலை வாசித்தேன். கடனுக்கு ஜாமீன் போட மாட்டேன் என்றது, போடுவதாகக் கேட்டிருக்கிறது. தம்பியை இங்கே அனுப்ப வேண்டாம் என்றது, அனுப்பச் சொன்னதாகக் கேட்டிருக்கிறது. லைன் அறுந்துவிட்டதோ என்று ‘ஹலோ’ சொன்னேன்.

“இருக்கேன்” என்றார். “எண்ணை இறக்கு. பேச்சு அடங்கின பிறகும் கொஞ்ச நேரம் கதவு திறந்தே இருக்கட்டும். குரல் கரகரன்னு வந்தா வரட்டும். அப்புறம் எஸ்தர், அந்த வீடுகளுக்கெல்லாம் யார் சொல்றது?”

யார் சொல்வது? ஊர்க்காரிதான்.

இரண்டு நாள் நான் பஸ்ஸில் ஏறி இறங்கி, விட்டுப்போன இல்லைகளையும் மாட்டேன்களையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜாமீனுக்குக் காத்திருந்தவர் என்னை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்து வைத்திருந்த தம்பி, அண்ணன் சொன்னதை நான்தான் மாற்றிச் சொல்கிறேன் என்று சண்டைக்கு வந்தான். திருச்சுழியில் தாலுகா ஆபீஸில் பியூனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வாசலுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். அவர் மகன் ‘பொங்கலுக்கு வர முடியாதுப்பா’ என்று சொல்லியிருந்தான். இவர் காதில் ‘பொங்கலுக்கு வர’ மட்டும் விழுந்து, மீதியை அவராகவே போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை வாளிக்குள் போட்டார்.

“அப்ப வரலயா அவன்?”

“இல்லய்யா. மன்னிச்சுக்கிடுங்க.”

“நீ என்னம்மா செய்வ.” கொஞ்ச நேரம் பாதி அடித்த சுவரையே பார்த்தார். “நாலஞ்சு நாளு சந்தோசமா இருந்தேன்ல. தெருப்பூராம் சொல்லிட்டு வந்தேன். அதுவும் ஒரு இதுதான். உள்ள வா, காப்பி குடிச்சிட்டுப் போ.” அந்தக் காப்பியை நான் எப்படிக் குடித்தேன் என்று கேட்காதீர்கள்.

வீரசோழனுக்குக் கடைசியாகத்தான் போனேன். படி உண்மையிலேயே அம்சமாக இருந்தது. அடியில் கொத்தனார் கடப்பாரையைச் சாத்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“கம்ப்யூட்டர் பேச்சக் கேட்டுப் படி கட்டுன மொத ஆளு நான்தான். இடிக்கிற மொத ஆளும் நானாத்தான் இருப்பேன்” என்றார்.

ரஹ்மத் அக்கா என்னைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டார். “உங்களுக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிராதீக. எனக்கு உள்ள இருக்கணும்னுதான் ஆசை. மழையில நனையாம மொட்ட மாடிக்குப் போயி துணி எடுக்கலாம்ல. அவுக வேணாம்பாகன்னு பயந்துக்கிட்டேதான் வந்து உக்காந்தேன். உள்ளன்னு காதுல விழுந்துச்சு பாருங்க, மறுபடி ஒரு வார்த்த கேக்கல நான். கேட்டா மாத்திருவாகள்ல!” சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இத்தனை வருஷம் கழித்து உங்களிடம் சொல்கிறேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் மென்பொருள் வெட்டியது பாதி. மீதியை அவரவர் ஆசை வெட்டியிருந்தது. அந்த இரண்டாவது பாதிக்கு என்னிடம் எண் எதுவும் இல்லை.

மறுநாள் இருவரையும் அழைத்து வந்து, எண்ணை இறக்கிய பிறகு முதல் அழைப்பாக அவர்களைப் பேச வைத்தேன். குரல் கரகரவென்று, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. ஏ.சி. இரைச்சலும் கூடவே வந்தது. ரஹ்மத் அக்கா நேராகக் கேட்டார்.

“மச்சான், படிய இடிக்கணுமா?”

இரைச்சல். ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சுகூட வந்தது. பிறகு, “இடிக்க வேணாம்.”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கொத்தனார் மட்டும் அசையவில்லை.

“பாய், இன்னொருக்காச் சொல்லுங்க.”

“இடிக்க வேணாம்யா.”

கொத்தனார் என் பக்கம் திரும்பினார். “மேடம், இது நெச வேணாமா? இதுக்கு அப்புறம் வேற எதுவும் பாக்கி இல்லையே?”

மூன்றாவது முறையும் சொல்ல வைத்து, தன் நோட்டில் எழுதி, என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்ட பிறகுதான் எழுந்தார். மாடி வாடகைக்குப் பின்னாளில் வெளியே இன்னொரு படி கட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பெரிய அதிகாரி வந்த அன்று மேலாளரும் சென்னையிலிருந்து வந்திருந்தார். அதிகாரி மைக் முன் உட்கார்ந்து ரவியிடம் பேசினார். தகர டப்பாக் குரலைக் கேட்டதும் அவர் புருவம் சுருங்கியது. போன வாரப் பதிவில் கேட்ட கண்ணாடிக் குரல் எங்கே என்று கேட்டார். மேலாளர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மாடிப்படிக் கதைக்கு அதிகாரி நன்றாகவே சிரித்தார். சிரித்து முடித்ததும், “ரவி, நீங்க மூணு வாரமா தினமும் கேட்டிருக்கீங்க. உங்க அபிப்பிராயம் என்ன?” என்று மைக்கில் கேட்டார்.

எங்கள் ஸ்பீக்கர் அறை முழுக்கக் கேட்கும் என்பது ரவிக்குத் தெரியாது போலிருக்கிறது. கையால் வாயை மறைத்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவு தணிந்த குரல்.

“நல்ல மனுசங்க சார். கஷ்டப்பட்டு உழைச்சிருக்காங்க. ஆனா குரல் ரொம்பக் கரகரப்பா இருக்கு. எடுக்க வேணாம்.”

ஒரு எழுத்து விடாமல் வந்தது. அதிகாரி மேசையைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த அனுமதிக் கடிதத்தை முதல் தடவையாக முழுவதும் படித்தேன்.

அவர்கள் எடுக்கவில்லை. வேறொரு நிறுவனத்தின் கண்ணாடிக் குரலை வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் பெட்டியைக் கட்டி வண்டியில் ஏற்றினோம். எத்தனை பேருக்கு வேலை போகும் என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். அந்த வரிசையில் முதல் ஆள் நான். மேலாளர் விருதுநகர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காட்டைப் பார்த்தபடியே வந்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“எஸ்தர், எவ்வளவு மெதுவாச் சொன்னான் பார்த்தியா அந்த ஆளு?”

“ஆமா சார்.”

“நல்லாக் கேட்டுச்சுல்ல?”

“நல்லாக் கேட்டுச்சு சார்.”

“அப்ப அந்த எண்ணை அப்படியே வச்சிரு” என்றார்.